ஒப்பிட ஆள் இல்லாத வெஸ்லி

டொலீடோ நாரைகள் அணியில் அந்த வருஷம் மூன்று குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். அமெரிக்க ஃபுட்பாலில் பந்து முதலில் இவர்கள் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது, எப்போது கீழே விழுந்து தலையைக் காப்பாற்றிக்கொள்வது எல்லாம் இவர்கள் பொறுப்பு. வீட்டில் கரண்டி யார் கையில் இருக்கிறதோ அந்த மாதிரி. சமையல் ருசித்தால் பேர், தீய்ந்துபோனால் திட்டு.

முதல் இருவரும் சின்ன வயசுக்காரர்கள். டாரியஸ் வெல்ப் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு டச்டௌன் எறிவான். எல்லைக் கோட்டுக்கு அப்பால் நம் ஆள் பந்தோடு போய்ச் சேர்ந்தால் டச்டௌன், ஆறு புள்ளி. ஊரே பிள்ளைகளுக்கு அவன் பேரை வைக்கும். அடுத்த ஞாயிறு அதே கையால் அதே பந்தை நான்கு தடவை எதிரணிக்காரன் நெஞ்சில் கொண்டுபோய்ச் சேர்ப்பான், தபால்காரர் மாதிரி, விலாசம் தவறாமல். உடனே அவனை உட்காரவைத்துவிட்டு கோல்பி ரைனரை இறக்குவார்கள். கோல்பி முதல் வாரம் ஐந்து டச்டௌன் எறிவான். அடுத்த வாரம் பந்தை எறியப் போய்ப் பின்பக்கமாக விட்டுவிடுவான். உடனே டாரியஸ். இப்படியே பத்து ஆட்டம் முடிந்து ஐந்தில் வெற்றி, ஐந்தில் தோல்வி என்று கணக்கு நேராக நின்றது.

மூன்றாவது ஆள் வெஸ்லி டட்டில். முப்பத்தாறு வயது. தலையில் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஆட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு, மைதான ஓரத்தில் நிற்பது அவன் வேலை. இரண்டு வருஷமாக ஆட்டத்தில் அவன் பந்தைத் தொட்டதில்லை. தொப்பிதான் மூன்று தேய்ந்திருந்தது.

மூன்றாவது ஆளுக்கு ஊர் நிலைக்காது. முதல் இரண்டு பேரில் யார் தேவலை என்று முடிவானதும், மூன்றாமவனுக்குப் போன் வரும். "ரொம்ப நன்றி வெஸ்லி, நீ ஒரு தங்கமான மனுஷன்" என்பார்கள். தங்கமான மனுஷன் என்று சொன்னாலே அவன் மனைவி கார்லா பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவாள். பதினொரு வருஷத்தில் எட்டு ஊர். மகள் மில்லி மூன்றாம் வகுப்புக்குள் நான்கு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள்.

கார்லாவிடம் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. சேவல் வடிவம். வால்தான் பெண்டுலம். கல்யாணத்துக்கு டுபியூக்கில் இருக்கும் அவளுடைய அத்தை கொடுத்தது. பெட்டியை விட்டு அது வெளியே வந்ததே இல்லை.

"இந்தச் சேவல் எட்டு ஊரைப் பாத்திருக்கு வெஸ்லி. ஒரு சுவத்தக்கூடப் பாத்ததில்ல" என்றாள் கார்லா.

"இந்த ஊர்ல மாட்டிரலாம்."

"டென்வர்லயும் இதத்தான் சொன்ன. நான் சுத்தியலத் தேடி எடுக்கறதுக்குள்ள போன் வந்துருச்சு."

"இந்தத் தடவ இருப்போம் கார்லா."

"இருந்தா பாக்கலாம். நான் ஆணி அடிச்சேன்னா அப்புறம் பிடுங்க மாட்டேன், சொல்லிட்டேன். உன்னைய வேணும்னா தனியா அனுப்பிருவேன்."

இப்படி அந்தக் குடும்பத்தின் ஆசை ஒரே ஒரு ஆணியில் வந்து நின்றது.

அணியின் உரிமையாளர் மூன்றாம் ஹெர்பர்ட் க்ரோட்டி. அவர் தாத்தா ஊறுகாய் ஜாடி செய்தார். அப்பா ஜாடிக்கு மூடி செய்தார். இவர் மூடியைத் திறக்க ஆள் வைத்திருந்தார். ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கு அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அணி தோற்கிறதே என்பதால் அல்ல. காலைச் சாப்பாட்டில் மனைவி டாரியஸ் பக்கமும், மாமியார் கோல்பி பக்கமும் நின்று, அவர் முட்டையை ஆறவைத்ததால். எனவே கீழ்க்கண்ட சுற்றறிக்கை வெளிவந்தது:

"மேதகு உரிமையாளர் அவர்களின் ஆணைப்படி, நிலையற்ற இளம் குவார்ட்டர்பேக்குகளைப் பாரபட்சமின்றி ஒப்பிட்டு அறுதியிட்டு உரைக்கும் பொருட்டு, ஓர் உயர்மட்டக் குழு இதனால் அமைக்கப்படுகிறது. குழு தன் முடிவைத் தெரிவிக்கும் வரை முடிவு எதுவும் எடுக்கப்பட மாட்டாது."

குழுத் தலைவராக டாக்டர் ப்ரெண்டா ஸ்லோகம் அம்மையார் வந்தார். அதற்கு முன் ஒரு சோப்புக் கம்பெனியில் இரண்டு வகைப் பாத்திரம் துலக்கும் திரவத்தை ஆறு வருஷம் ஒப்பிட்டவர்.

"கடைசில எது நல்லதுன்னு கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் க்ரோட்டி.

"ஆய்வு தொடருது" என்றார் அம்மையார்.

அந்த நிமிஷமே க்ரோட்டி அவருக்கு வேலை கொடுத்துவிட்டார்.

முதல் வாரம் குழுவில் மூன்று பேர். இரண்டாம் வாரம் பத்தொன்பது பேர். உட்கார இடமில்லாமல் எடை தூக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் எடை தூக்க முடியாமல், அறையிலிருந்து எடைகளைத் தூக்கிக்கொண்டு போனதோடு அன்றைய பயிற்சி முடிந்தது.

முதலில் கையை அளந்தார்கள். பெரிய கை என்றால் பந்து நழுவாது என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களின் நம்பிக்கை. டாரியஸின் கை ஒரு நூல் பெரியதாக இருந்தது. ஆனால் அன்று காலைதான் கோல்பி நகம் வெட்டியிருந்தான். ஆகவே கை விவகாரம் கோல்பிக்கு நகம் வளரும் வரை ஒத்திவைக்கப்பட்டது. பிறகு இரண்டு பேருடைய அம்மாக்களையும் வரவழைத்து விசாரித்தார்கள். டாரியஸ் சின்ன வயதில் காய்கறி தின்னமாட்டான் என்றாள் அவன் அம்மா. கோல்பியின் அம்மா, என் பிள்ளை மட்டும் தின்னானா என்றாள். "சமம்" என்று எழுதிக்கொண்டார்கள். எப்படிப் படுக்கிறான், எந்தக் காலில் முதலில் சாக்ஸ் போடுகிறான், ரொட்டியைக் குறுக்கே வெட்டுகிறானா நேராக வெட்டுகிறானா என்று எல்லாம் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரு பெரிய கம்ப்யூட்டரில் போட்டால் டாரியஸுக்கு 71.413 வந்தது. கோல்பிக்கும் 71.413 வந்தது.

"அப்படின்னா ரெண்டு பேரும் ஒண்ணுன்னு முடிவு பண்ணிரலாமா?" என்று கேட்டார் கோச் மக்கிலிஸ்.

அம்மையாருக்கு முகம் சிவந்துவிட்டது. "கோச், சமம்ங்கறது முடிவு இல்ல. ஒப்பீடு இன்னும் போதலைங்கறதுக்கு அடையாளம்."

சுவரோரம் தொப்பியோடு நின்ற வெஸ்லிக்கு இதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. ஒப்பீடு முடியாத வரை போன் வராது.

ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமென்றால் இருவருக்கும் எல்லாம் ஒரே மாதிரி அமைய வேண்டும் என்று ஏழாவது விதி கொண்டுவந்தார்கள். அதில்தான் விவகாரம் கிளம்பியது. நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சியின்போது கோல்பி ஐம்பது பந்து எறிந்தான். முழுக்க மழை. அடுத்து டாரியஸின் முறை வந்தபோது மழை விட்டு வெயில் அடித்துவிட்டது.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் ஸ்லோகம் அம்மையார். "அந்தப் பையனுக்கு மழை. இந்தப் பையனுக்கு வெயிலா? எந்த ஊர் நியாயம் இது?"

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்கள். வண்டி மணியடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தது. ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கிற குளிரில், இரண்டு தீயணைப்பு வீரர்கள் ஏணியில் ஏறி நின்று டாரியஸ் தலையில் மழை பெய்வித்தார்கள்.

"வெஸ்லி அண்ணே!" என்று அலறினான் டாரியஸ், பல் கிட்டிப்போய். "என் மேல எதுக்குண்ணே தண்ணியப் பீய்ச்சறாங்க?"

"நியாயம் பண்றாங்கடா தம்பி. கண்ண மூடிக்கோ."

மறுநாள் டாரியஸுக்கு ஜலதோஷம். குழுவினர் எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொரு தும்மல். கோல்பிக்கு ஒன்றுகூட இல்லை. இது மழையைவிடப் பெரிய அநியாயமாகப் பட்டது. குழு அவசரமாகக் கூடி விவாதித்தது. டாரியஸைச் சீக்கிரம் குணப்படுத்துவது என்று ஒருவர் சொன்னார். அது டாரியஸுக்கு மட்டும் மருந்து கொடுத்த பாரபட்சமாகிவிடும் என்று அடக்கிவிட்டார்கள். எனவே கோல்பிக்கு டாரியஸின் துண்டு, டாரியஸின் காபிக் கோப்பை, டாரியஸின் ஹெல்மெட் மூன்றும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வழங்கப்பட்டன.

வெள்ளிக்கிழமை காலையில் டாரியஸுக்கு நூற்று மூன்று டிகிரி. கோல்பிக்கும் நூற்று மூன்று டிகிரி.

"குழு அமைந்த நாள் முதல் எல்லாக் கட்டங்களிலும் முழுச் சமநிலை எட்டப்பட்டிருப்பது இதுவே முதல் முறை" என்று அறிக்கை வாசித்தார் அம்மையார். பத்தொன்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

கோச் மக்கிலிஸ் பின்னாலிருந்து கை தூக்கினார். "எல்லாம் சரி. ஞாயித்துக்கிழம யாரு ஆடறது?"

கைதட்டல் நின்றுவிட்டது. பத்தொன்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், கடைசியில் தொப்பியைப் பார்த்தார்கள்.

வெஸ்லி தொப்பியைக் கழற்றினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒமாஹாக்காரர்களோடு ஆட்டம். வெஸ்லி தூரமாக ஒரு பந்தும் எறியவில்லை. பக்கத்தில் நிற்கிறவனிடம் எறிவான். அவன் பிடிப்பான். நாலு அடி நடப்பான், விழுவான். மறுபடி பக்கத்தில் எறிவான். சாப்பாட்டு மேஜையில் உப்பை எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்து ஒரு கையை முடித்துவிட்டாள். பதிமூன்றுக்குப் பத்து என்று நாரைகள் ஜெயித்தார்கள்.

அடுத்த வாரம் டாரியஸ் தேறிவிட்டான். கோல்பிக்குக் கொஞ்சம் காய்ச்சல் இருந்தது. இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் இறங்கினால்தான் செல்லும் என்று டாரியஸை மறுபடி படுக்கவைத்தார்கள். அவனுக்கு இருமல் வந்தது. அதற்குள் கோல்பி எழுந்துவிட்டான். அவனைப் படுக்கவைத்தார்கள். இப்படி ஒருவனை ஒருவன் துரத்திக்கொண்டே, ஒமாஹா வாரத்தையும் சேர்த்து, நான்கு வாரம் போய்விட்டது. நான்கு வாரமும் வெஸ்லிதான் ஆடினான். ஒன்பதுக்கு ஆறு. பதினாறுக்குப் பதிமூன்று. பத்துக்கு ஏழு. எல்லாம் வெற்றி. கடைசியாக இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு நாரைகள் இறுதிச் சுற்றுக்குள் நுழைவார்கள்.

கார்லா சேவலைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு இருவரும் ஆணி வாங்கப் போனார்கள். தொப்பி இல்லாததால் கடைக்காரருக்கு வெஸ்லியை அடையாளம் தெரியவில்லை.

"நீங்க டாரியஸ் பக்கமா, கோல்பி பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே ஆணி டப்பாவைத் திறந்தார் அவர். அந்த ஊரில் அப்போது வணக்கம் சொல்வதற்குப் பதில் இதைத்தான் கேட்பார்கள்.

"நாலு ஆட்டம் வரிசையா ஜெயிச்சாரே ஒருத்தர், நாங்க அவரு பக்கம்" என்றாள் கார்லா.

"யாரு? அந்தத் தொப்பிக்காரரா?" கடைக்காரர் சிரித்தார். "நல்ல மனுஷன்தான். ஜெயிக்கறாரு, யாரு இல்லன்னா? நான் அதக் கேக்கலம்மா. ஆட்டத்தப் பத்திக் கேக்கறேன்."

வண்டியில் ஏறியதும் கார்லா ரேடியோவைப் போட்டாள். குண்டு ஸ்டான் என்கிறவருடைய ஃபுட்பால் நிகழ்ச்சி. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் ஆறு மணி வரை ஊர்க்காரர்கள் போன் செய்து சண்டை போடுவார்கள். அன்று ஸ்டான் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"யாராவது கூப்புடுங்கப்பா. லைன் எல்லாம் காலியாக் கெடக்கு. ஆ, பெரிஸ்பர்க் டேல்! வாங்க டேல், தெய்வமே, வெஸ்லியப் பத்தி என்ன சொல்றீங்க?"

"என்னத்தச் சொல்றது ஸ்டான்? எறிஞ்சாரு. புடிச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடி எறிஞ்சாரு."

"கொஞ்சம் கோவமாச் சொல்லுங்களேன் டேல்."

"வரமாட்டேங்குதே ஸ்டான். நானும் காலைலருந்து முயற்சி பண்றேன். எம் பொண்டாட்டிகூட என்ன ஒடம்பு சரியில்லையான்னு கேக்கறா."

ஊர் முழுக்க இதே நிலைமைதான். பாதி டாரியஸ் முகம், பாதி கோல்பி முகம் போட்ட பனியன்கள் கடைகளில் மூட்டையாகக் கிடந்தன. ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிச் சண்டைபோட்டுக்கொண்டே சாசேஜ் சுடுகிறவர்கள், இப்போது சண்டை இல்லாததால் சாசேஜைக் கவனித்துச் சுட்டார்கள். ருசியாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை. க்ரோட்டி வீட்டில் மனைவியும் மாமியாரும் பேச விஷயமில்லாமல் அவரையே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர் குழுவைக் கூப்பிட்டார். குழு வெஸ்லியைக் கூப்பிட்டது.

எடை அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. டாரியஸின் கோடு சிவப்பு. மலை ஏறிப் பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறியது. கோல்பியின் கோடு நீலம். அதுவும் அப்படியே.

"நாலு வாரமா நானும் ஆடியிருக்கேங்க. என் கோடு எங்க?" என்று கேட்டான் வெஸ்லி.

அம்மையார் கொஞ்சம் சங்கடப்பட்டார். "போட்டுத்தான் பாத்தோம் மிஸ்டர் டட்டில். மேடு பள்ளமே இல்லாம நேராப் போச்சு. பேப்பர்ல அச்சடிச்ச கோடுன்னு நெனச்சு எங்க ஆளு அழிச்சுட்டாரு."

"ஜெயிச்சோமேங்க."

"அத மறுக்கல. ஆனா உங்கள யாரோட ஒப்பிடறது? இந்தக் குழு நிலையற்ற இளம் ஆட்டக்காரர்களுக்காக அமைக்கப்பட்டது. நீங்க இளமையும் இல்ல, நிலையற்றும் இல்ல. அந்தப் பசங்க கிட்ட உள்ளாற்றல் இருக்கு."

"அப்படின்னா?"

"இன்னும் செய்யாதத எல்லாம் செஞ்சிருவாங்கங்கற நம்பிக்கை. உங்க கிட்ட அது இல்ல. நீங்க செய்யறத செஞ்சுட்டீங்க."

வெஸ்லி மன்னிப்புக் கேட்டான். அது அவன் பழக்கம்.

வெளியே கோச் மக்கிலிஸ் அவன் தோளில் கை போட்டார். "வாப்பா வெஸ்லி. உண்மையச் சொல்றேன். ஒப்பீட்டுக்குள்ள வராதவங்கள வர்ற திங்கக்கெழமயோட அனுப்பிரலாம்னு மேல இருந்து சொல்றாங்க. நீ ஒரு தங்கமான..."

"சொல்லாதீங்க கோச்!"

"சரி, சொல்லல. ஒரு வழி இருக்கு. ஞாயித்துக்கெழம ரெண்டே ரெண்டு பந்த எதிராளிக்குக் குடுத்துரு. ஒரு சின்னப் பள்ளம் விழுந்தாப் போதும், உன் கோட்டையும் வரைபடத்துல ஏத்திருவாங்க. உள்ளாற்றல் இருக்குன்னு நான் கையெழுத்துப் போடறேன்."

"தோத்துப் போனா?"

"தோத்தாத்தான் என்ன? நெலயில்லாதவன்னு பேர் வந்துரும்ல. அந்தப் பேர் வாங்க எத்தன பேரு தவம் கெடக்கறான்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னான். கார்லா பேப்ரிகா மிளகாய்ப்பொடி போட்ட கோழிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவள், கரண்டியோடு திரும்பினாள்.

"ஒழுங்கா ஆடினா வெளிய போ, தப்பா ஆடினா உள்ள இருன்னு சொல்றாங்களா?"

"ஆமா."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்."

கார்லா சுவரில் இருந்த பென்சில் புள்ளியைப் பார்த்தாள். மேஜைமேல் மல்லாந்து கிடந்த சேவலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டு பந்துதான?"

"ரெண்டுதான்."

"எறிஞ்சு தொலை. பதினோரு வருஷமா நேரா எறிஞ்சு என்னத்தக் கண்டோம்."

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் கூட்டம் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. லூயிவில் அணியோடு ஆட்டம். முதல் முறை பந்து கைக்கு வந்ததும் வெஸ்லி எதிரணியின் கொழுத்த காவலன் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, கண்ணை மூடி, நேராக அவன் வயிற்றில் எறிந்தான். அந்த ஆள் நான்கு வாரமாக வெஸ்லியின் ஆட்டத்தைப் படம் போட்டுப் படித்தவன். டட்டில் நம்மிடம் எறியமாட்டான் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். அதனால் பிடிக்கக் கை தூக்கவே இல்லை. பந்து அவன் தொப்பையில் பட்டு, மேலே எழும்பி, பின்னால் ஓடிவந்த நாரைகள் ஆளின் கையில் விழுந்தது. அவன் திடுக்கிட்டு ஓடினான். டச்டௌன்.

அரங்கம் எழுந்து நின்றது. ஸ்வெட்டர் பின்னிய அம்மா ஊசியைக் கீழே போட்டுவிட்டாள்.

வெஸ்லி இன்னொரு தரம் முயன்றான். பதினோரு வருஷமாகப் பந்தைத் தப்பாக எறிந்து பழக்கமில்லாததால் தப்பும் சரியாக வரவில்லை. எதிராளியைக் குறி வைத்தால் அவன் வழுக்கி விழுந்தான். ஆள் இல்லாத இடம் பார்த்து எறிந்தால் அங்கே நம் ஆள் வழி தவறி வந்து நின்றான். தலைக்கு மேலே உயரமாக எறிந்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்து வெஸ்லி கையிலேயே விழுந்தது. நடுவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அதற்கு விதியே இல்லை. ஆட்டம் முடிந்தபோது நாற்பத்தெட்டுக்கு மூன்று என்று நாரைகள் ஜெயித்திருந்தார்கள். இரண்டு பந்தை எதிராளிக்குக் கொடுக்கப் பன்னிரண்டு தடவை முயன்று, கடைசி நிமிஷத்தில் ஒரே ஒன்றைத்தான் அவனால் கொடுக்க முடிந்தது.

தலை குனிந்து வெளியே வந்தான். ஊர் பைத்தியம் பிடித்துக் கிடந்தது.

"என்ன ஆளுய்யா இவரு! அடுத்து என்ன செய்வாருன்னே தெரியல!"

"பைத்தியக்காரத்தனமால்ல எறியறாரு! நல்லாவா ஆடறாரு, மோசமாவா? எனக்கு ஒண்ணுமே புரியல!"

ஸ்லோகம் அம்மையார் ஓடிவந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். "மிஸ்டர் டட்டில், உங்க கோடு பேப்பரையே தாண்டிப் போயிருச்சு. கூரையில ஒட்டியிருக்கோம்." முப்பத்தாறு வயது என்பது குழுவின் கணக்குப்படி இளமைதான் என்று அன்று மாலையே ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. மூவரையும் ஒப்பிட்டு முடியும் வரை மூவரில் ஒருவரையும் வெளியே அனுப்பக்கூடாது என்று க்ரோட்டி உத்தரவு போட்டார். குழு ஐம்பத்தேழு பேராக விரிவடைந்தது. உடை மாற்றும் அறையும் அவர்களுக்கே போனது. ஆட்டக்காரர்கள் இனி காரில் உடை மாற்ற வேண்டும்.

அடுத்த ஞாயிறு இறுதிச் சுற்று. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த ஆட்டம். ஏழாவது விதிப்படி, முதல் எறிதல் டாரியஸ், இரண்டாவது கோல்பி, மூன்றாவது வெஸ்லி என்று முறை வைத்து ஆடினார்கள். ஒருவன் உள்ளே ஓடுவான், மற்றவன் வெளியே ஓடுவான். இரண்டு தடவை மூவருமே வெளியே நின்றுவிட்டதில் பந்தை வாங்க ஆளில்லை. ஐம்பத்தொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். யாரும் வருத்தப்படவில்லை. யாரால் தோற்றோம் என்று பேசப் பனிக்காலம் முழுக்கப் போதாது போலிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் வெஸ்லி மில்லியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தான். அதே பள்ளிக்கூடம், அதே டீச்சர். வழியில் ரேடியோவைப் போட்டான்.

"லைன் நிரம்பி வழியுது மக்களே!" குண்டு ஸ்டானுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "அடுத்து மேற்குப் பக்கத்துலருந்து கேரல் பேசறாங்க. சொல்லுங்க கேரல்!"

"ஸ்டான், அந்தக் கெழட்டு வெஸ்லிய எதுக்கு இன்னும் வெச்சிருக்காங்க? ஒரு பந்து ஒழுங்கா எறியத் தெரியுதா அந்தாளுக்கு? டாரியஸ் இருக்கானே, அவன் கையப் பாத்தீங்களா?"

மில்லி நிமிர்ந்தாள். "அப்பா! இது அம்மா குரல்!"

வெஸ்லி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான். எட்டு ஊர் பின்னால் வந்தவள். கோழிக்குழம்பு வைத்துக் கொடுத்தவள். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் ஓடினான்.

சுவரில் சேவல் தொங்கிக்கொண்டிருந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. கார்லா அப்போதுதான் போனை வைத்தாள்.

"என்னையவா கெழட்டு வெஸ்லின்னு சொன்ன?"

"இன்னிக்கு டாரியஸ் மொற. நாளைக்கு லோரா பேர்ல கோல்பிக்குப் பேசணும். புதன்கெழம நீ." அவள் குரலில் குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. "ஊரு ஒருத்தன் பக்கம் சாஞ்சுதுன்னா ஒப்பீடு முடிஞ்சுரும் வெஸ்லி. முடிஞ்சா ஆணியப் பிடுங்கணும். நான் பிடுங்க மாட்டேன்னு அப்பவே சொல்லிட்டேன்ல?"

வெஸ்லி சேவலைப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. நேராகவும் இருந்தது.

"நான் பேசட்டுமா?"

"பேசேன். குரல மாத்திக்கோ."

போன் செய்தான். வரிசையில் காத்திருக்கச் சொன்னார்கள். அதுவரை நிகழ்ச்சி காதில் ஓடியது. அப்போது பேசிக்கொண்டிருந்தவர் பெரிஸ்பர்க் டேல். இன்று டேல் உற்சாகமாகக் கத்தினார். கத்தும்போது முன்பு பழகிய குரல் மாதிரி இருந்தது. உற்றுக் கேட்டான். கோச் மக்கிலிஸ்! "அந்தக் கோச்சுக்கு யாரு நல்ல ஆளுன்னு முடிவு பண்ணத் தெரியல ஸ்டான், முடிவு ஆகற வரைக்கும் அவரை மாத்தவும் கூடாது!" என்றார் கோச். அடுத்து பேசிய பெண்மணி மூன்று நிமிஷத்தில் ஒன்பது முறை உள்ளாற்றல் என்றார். அதற்கடுத்து மூக்கடைத்த குரலில் ஒரு பையன் கோல்பியைப் புகழ்ந்து தும்மினான். பக்கத்தில் இன்னொருவனும் தும்மினான்.

"நீங்கள் வரிசையில் எட்டாவது. தயவுசெய்து காத்திருங்கள்" என்றது ஒரு குரல்.

வெஸ்லி காத்திருந்தான். தன் முறை வந்ததும் யாரைத் திட்டுவது என்று யோசித்தான். முதலில் சும்மா, வீட்டுக்காக, ஆணிக்காகத்தான் யோசித்தான். பிறகு ஒரு பேப்பரை எடுத்து நடுவில் கோடு போட்டான். ஒரு பக்கம் டாரியஸ் என்று எழுதினான், ஒரு பக்கம் கோல்பி. இன்னொரு கோடு போட்டுத் தன் பேரையும் எழுதினான்.

"சாப்பிட வா" என்று கார்லா கூப்பிட்டாள்.

"இரு, இரு" என்றான் வெஸ்லி. அவன் தன் கையை விரித்து மேஜைமேல் வைத்து, மில்லியின் ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், டாரியஸின் கை கொஞ்சம் பெரியதுதான்.